மலைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

கம்பம்
9 ஜனவரி 2023

அண்ணே,

போன் இருக்கிற காலத்தில் இவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. அந்தப் போன் உன் மாப்பிள்ளை சட்டைப் பையில்தான் கிடக்கிறது. மாவு அரைக்க வருகிறவர்கள் எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். உன் பெயர் அதில் வந்தால் அன்றைக்கு முழுக்க மில்லில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது. பூமாரி சடங்குக்குத் தாய்மாமன் சீராக நீ கொண்டுவந்த அண்டாவை, "கடையில விக்காமக் கெடந்ததத் தூக்கிட்டு வந்துட்டாக" என்று இவர் சொன்னதும், நீ பாதிப் பந்தியில் எழுந்து போனதும் நடந்து வருடம் ஆகப்போகிறது. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் அந்த அண்டாவைத் தலையிலிருந்து இறக்கவில்லை. நான் அதில்தான் கோதுமை கழுவுகிறேன். ஓட்டை ஒன்றும் இல்லை.

ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறுகிற அழகரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் ஜீப் உன் பாத்திரக்கடைப் பக்கம்தானே டீக்கு நிற்கிறது. பதிலையும் அவரிடமே கொடுத்துவிடு.

விஷயம் இதுதான். எங்கள் மில் இருக்கிற கட்டடத்துக்காரர் தங்கப்பாண்டியன் படுக்கையில் விழுந்துவிட்டார். இப்போது எல்லாம் மகன் முத்துராஜாதான். நேற்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் அடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க அப்பா வாய்ப்பேச்சுல விட்டுட்டாகக்கா. இப்பச் சட்டம் மாறிப்போச்சாம், எழுத்து இருக்கணுமாம். மூணு வருசத்துக்குப் போட்டிருக்கேன். முடிஞ்சா மறுபடி போட்டுக்கிருவோம். நீங்களும் மாமாவும் கையெழுத்துப் போட்டு வைங்க" என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

இவர் போட்டுவிடலாம் என்கிறார். எனக்குத்தான் அந்த மூன்று வருடம் உறுத்துகிறது. என் மாமனார் காலத்திலிருந்து அங்கே இருக்கிறோம். மெஷின்களைச் சிமெண்டு போட்டுத் தரையில் இறுக்கியிருக்கிறோம், மும்முனைக் கரண்டு வாங்கியிருக்கிறோம். இதுவரை யாரும் தேதி வைத்து எங்களை உட்காரச் சொன்னதில்லை. இந்த மில்லை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. உன் கடைக்காக நீ கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய், உனக்கு இதெல்லாம் தெரியும். என்ன செய்யட்டும் என்று எழுது.

மாரீஸ்வரி


குமுளி
11 ஜனவரி 2023

மாரி,

கையெழுத்துப் போடாதே. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அழகர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார், அவர் குடித்து முடிப்பதற்குள் நான் எழுதியாக வேண்டும்.

நம் ஜனங்களுக்கு முத்திரைத்தாளைக் கண்டால் கை நடுங்கும். நடுங்குகிற கையாலேயே கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். நான் மாட்டேன் என்று நின்றவன். என் கடை இருக்கிற அறையை, இங்கே முறி என்பார்கள், கட்டியவர் செத்த பிறகு அவர் மகள் பிரின்சி குவைத்திலிருந்து வந்து, இதே மாதிரிதான் புது எழுத்து ஒன்றை நீட்டினாள். என் வக்கீல் சொன்னது இது. பழைய வாடகைக்காரனுக்கு உள்ள பலமெல்லாம் அவனுடைய பழைய இருப்பில்தான் இருக்கிறது. புதிதாக ஒப்புப் போட்டால் அன்றிலிருந்து நீ புது ஆள். நான் போடவில்லை. உடனே தனக்கே முறி வேண்டும் என்று பீர்மேடு கோர்ட்டில் கேஸ் போட்டாள்.

போட்டு என்ன? ஒருவன் அந்தக் கடை வருமானத்தில்தான் பிழைக்கிறான், பக்கத்தில் அவனுக்குத் தோதாக வேறு இடமும் இல்லை என்றால், கட்டடத்துக்காரரே கேட்டாலும் காலி பண்ணச் சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். வக்கீல் புத்தகத்தை விரித்துக் காட்டினார். மலையாளத்தில் இருந்தால் என்ன, எனக்குத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்க வருமே.

உன் மில்லும் அப்படித்தானே? தைரியமாக இரு. வாடகையை மட்டும் தேதி தவறாமல் பேங்க் வழியாகக் கட்டு. நான் சொன்னேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. அதற்காகவே ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

கர்ணன்


கம்பம்
6 பிப்ரவரி 2023

அண்ணே,

போடவில்லை.

முத்துராஜா நேற்று மறுபடி வந்தார். உன் மாப்பிள்ளை கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டுப் பேனா மூடியைக் கூடக் கழற்றிவிட்டார். நான்தான் குறுக்கே வந்தேன். "வேணாம் தம்பி, இத்தன வருசம் இருந்த ஆளுகளுக்குப் புது எழுத்து எதுக்கு? அப்பா சொன்ன சொல்லு போதும்" என்றேன்.

"அக்கா, உங்கள வெளிய போகவா சொன்னேன்? ஆபீசுல பதியணும், அதுக்குத்தான் கேக்குறேன்."

"பதிஞ்சா எங்க பாத்தியதை போயிரும்."

பாத்தியதை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர், "சரிங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தச் 'சரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை.

இவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் மிளகாய் அரைத்து முடித்து, மெஷினைச் சுத்தம் பண்ணக் குருணை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது, சத்தத்துக்கு நடுவில் சொன்னார். "இது ஒம் புத்தி இல்ல மாரி, குமுளிப் புத்தி. உங்க அண்ணன் கடை அங்கன இருக்கு. நம்ம மில்லு இங்கன இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணே, இரண்டு பக்கமும் ஒரே சட்டம்தானே? அதை மட்டும் உன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது.

மாரீஸ்வரி


குமுளி
20 மார்ச் 2023

மாரி,

ஜெயித்தாச்சு! பீர்மேட்டில் வெள்ளிக்கிழமை தீர்ப்பு. பிரின்சியின் மனு தள்ளுபடி. நான் சொன்னேனே, அதே காரணம்தான். உன் மதினி பாயசம் வைத்தாள். உங்களுக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தேன், அந்தத் தூக்கும் விற்காத தூக்கு என்று பேச்சு வரும். விட்டுவிட்டேன்.

பிரின்சி பெஞ்சில் முதுகைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி நடு முதுகு போய்விட்டதாம், இனி நர்ஸ் வேலைக்கு ஆக மாட்டாளாம். அந்த முறியில் ரத்தம் பார்க்கிற லேப் வைக்கப் போவதாகச் சொன்னாள். பாவம்தான். ஆனால் நான் பாவம் பார்த்தால் என் பிள்ளைகளை யார் பார்ப்பது? அவளுக்கு வீடு வாசல் இருக்கிறது. அப்பீலுக்குப் போகிறாளாம், போகட்டும்.

நீ கேட்டதை வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மலையடி லோயர் கேம்புக்கு அந்தப் பக்கம் ஒரு இந்தியா, இந்தப் பக்கம் ஒரு இந்தியாவா? அதே ரூபாய்தான், அதே கரண்டுதான். மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுக் குழம்பாதே.

கர்ணன்


கம்பம்
28 ஆகஸ்ட் 2023

அண்ணனுக்கு,

மதினி வைத்த பாயசத்தை நான் சாப்பிடாமல் போனது நல்லது என்று நினைக்கிறேன்.

முத்துராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். எடுத்துக்கொண்டு உத்தமபாளையத்தில் அனுசுயா என்கிற வக்கீலம்மாவிடம் போனோம். நம்மைவிட வயதில் சின்னவர். நோட்டீஸை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எழுத்து போடலாம்னு அவுக கேட்டாகளா, நீங்க மறுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. அதுதான எங்களுக்குப் பாதுகாப்பு?" என்றேன். நீங்கள் எழுதிய நியாயம் முழுவதையும் சொன்னேன். பிழைப்பு இந்தக் கடையில்தான், வேறு இடம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது, எல்லாம். அந்தம்மா நான் முடித்ததும் கேட்டார்.

"இத யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

இவர்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவ அண்ணன், குமுளி" என்றார். இவருக்கு நம் கடிதங்கள் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"அது கேரளாச் சட்டம்மா. வாடகைக்கு ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியாச் சட்டம் வச்சிருக்கு. அங்கன பழைய சட்டம் இன்னும் ஓடுது. நம்ம பக்கம் பழசையே எடுத்துட்டு வேற கொண்டாந்துட்டாக. இங்கன எழுத்து போடாததே காலி பண்ணச் சொல்றதுக்கு ஒரு காரணம். நீங்க போட்டிருந்தா மூணு வருசம் யாரும் உங்கள அசைச்சிருக்க முடியாது" என்றார்.

மதுரைக்காரர் ஒருவர் பேக்கரி வைக்க அந்த இடத்தைக் கேட்கிறாராம். ஜனவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்த ஆள்.

உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை.

மாரீஸ்வரி


குமுளி
2 செப்டம்பர் 2023

மாரி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை. அந்த நோட்டீஸ் எனக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொண்டேன்.

அந்த அனுசுயா முத்துராஜாவிடம் விலைபோயிருப்பார். உத்தமபாளையத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். எழுத்து இல்லாவிட்டால் வாடகைக்காரனைத் தள்ளு என்று எந்தச் சட்டமாவது சொல்லுமா? எழுதத் தெரியாத ஜனம் எத்தனை இருக்கிறது! மலை ஒன்று குறுக்கே நின்றால் நியாயம் தலைகீழாகிவிடுமா? என் தீர்ப்பின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மலையாளத்தில்தான் இருக்கிறது. யாரையாவது வாசிக்கச் சொல்லி அந்த ஜட்ஜிடம் கொடுங்கள். ஒரு கோர்ட் சொன்னதை இன்னொரு கோர்ட் மதிக்கத்தான் வேண்டும்.

என்னைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், இல்லையா? ஆம்பளை அவர்தானே? பேனா அவர் கையில்தானே இருந்தது? போட வேண்டியதுதானே? நான் என்ன மலையிறங்கி வந்து அவர் கையைப் பிடித்தேனா?

மேற்கொண்டு எழுதினால் தப்பாகப் போகும்.

கர்ணன்


கம்பம்
19 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

தீர்ப்பாகிவிட்டது. மே மாதத்துக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நகலைக் கொண்டுபோனேன். கொண்டுபோகாமல் இருந்தால் பிறகு அதையும் ஒரு குறையாகச் சொல்வீர்கள். அனுசுயாம்மா அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க அண்ணனுக்கு இது சரியான தீர்ப்புத்தாம்மா. உங்களுக்கு இது வெறும் தாளு" என்றார். விலைபோனவர் பேசுகிற மாதிரி இல்லை. எங்களிடம் பாதி ஃபீஸ் வாங்க மறந்துபோனதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜட்ஜ் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். ஒப்பந்தம் போடக் கூப்பிட்டார்களா, நீங்கள் மாட்டேன் என்றீர்களா? ஆமாம் என்றேன். வேறு எதைச் சொல்வது? பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேனே. தேனிக்கு மேல்முறையீடு போகலாம், நாள் கொஞ்சம் தள்ளுமே தவிர முடிவு மாறாது என்று அனுசுயாம்மா சொல்லிவிட்டார்.

வேறு இடம் தேடிப் பார்த்துவிட்டோம். மாவு மில் என்றதும் கதவைச் சாத்துகிறார்கள். மாடியில் குடியிருப்பவர்களுக்கு மோட்டார் சத்தம் ஆகாது, பக்கத்துக் கடைக்கு மிளகாய் நெடி ஆகாது. மில் இருந்த தெருவில் எல்லாரும் அந்த நெடியோடு வளர்ந்தவர்கள், தும்மிக்கொண்டே பேசுவார்கள். புதுத் தெருவில் யார் தும்முவார்கள்?

உங்கள் மாப்பிள்ளை என்னைத் திட்டவே இல்லை. வாயில்லாத மனுஷனும் இல்லை, உங்களுக்குத் தெரியும். "கடைசியா ஒருக்கா எல்லா பெல்ட்டையும் மாத்திருவோம், வாங்குறவன் நல்லா ஓட்டட்டும்" என்கிறார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். சோறு இறங்கவில்லை அண்ணே. நான்தானே செய்தேன்.

மாரீஸ்வரி


குமுளி
25 பிப்ரவரி 2024

மாரி,

உன் கடிதத்தை மதினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

சண்டை போதும். இங்கே வந்துவிடு. என் முறியில் பாதியை நீ எடுத்துக்கொள். பின்பக்கம் அண்டா குண்டா அடுக்கியிருக்கிறேன், அதையெல்லாம் மச்சில் ஏற்றிவிடுகிறேன். பெரிய மெஷின்களுக்கு இடம் பற்றாது. மிளகாயும் மசாலாவும் அரைக்கிற சின்ன மெஷினை மட்டும் கொண்டு வா. தேக்கடிக்கு வருகிறவர்கள் மசாலாப்பொடி என்றால் முகர்ந்து பார்த்தே வாங்குவார்கள். கண் முன்னால் அரைத்துக் கொடுத்தால் விடவே மாட்டார்கள். உன் பெயரிலேயே போர்டு வைக்கலாம். வாடகை அது இது என்று பேச்செடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மாப்பிள்ளை வரமாட்டார் என்று தெரியும். அவர் கம்பத்தில் ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும். நீ காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். இந்த முறியை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அதில் பாதி உன்னுடையது.

கர்ணன்


கம்பம்
12 மே 2024

அண்ணே,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இவர்தான். 'போறேன்' என்று நானாகச் சொல்ல வாய் வரவில்லை. நேற்று இவராகவே சொன்னார். "சின்ன மெஷின வித்தா இரும்பு வெலைக்குத்தான் போகும். ஒங்க அண்ணன் கூப்பிட்டாகள்ல, கொண்டு போ. நான் வரல." அவ்வளவுதான். 'ஒங்க அண்ணன்' என்றும் 'கூப்பிட்டாக' என்றும் மரியாதையாகச் சொன்னார், அதைக் குறித்துக்கொள்.

பெரிய மெஷின்கள் இரண்டையும் சின்னமனூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். தரையை உடைத்துத்தான் எடுத்தார்கள். முத்துராஜா வந்து நின்று பார்த்தார். தரையை உடைத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. "பூமாரி என்னக்கா படிக்குது?" என்று மட்டும் கேட்டார். திரும்பவும் அக்கா ஆகிவிட்டேன். சாவியைக் கொடுக்கிறவர்களிடம் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை குட்டியானை வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு வருகிறேன். நீ இடத்தை ஒதுக்கி வை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அண்ணே, ஊரும் புதுசு, பாஷையும் எனக்கு அரைகுறை. ஆனாலும் ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வருகிறது. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் வருகிறது.

மாரி


குமுளி
18 மே 2024

மாரி,

நேற்று என் வாயில் வந்ததை நான் பேசவில்லை என்று நினைத்துக்கொள். எப்படி நினைப்பாய்?

என் வக்கீல் வெள்ளிக்கிழமை காலையில்தான் போன் செய்தார். மச்சில் பாத்திரம் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சுவாக்கில் நான் சொன்னதும் மனுஷன் பதறிவிட்டார். கட்டடத்துக்காரர் சம்மதம் இல்லாமல் முறியில் ஒரு ஓரத்தைக்கூட இன்னொருவருக்குத் தொழில் பண்ணக் கொடுக்கக்கூடாதாம். கொடுத்தால் அது உள்வாடகை. பழைய இருப்பு, பிழைப்பு, எதுவும் அப்போது காப்பாற்றாது. கூடப் பிறந்தவளாக இருந்தாலும், காசு வாங்கவில்லை என்று சொன்னாலும், உன் பெயரில் போர்டும் மெஷினும் இருந்தால் கோர்ட்டில் நிற்காது, பிரின்சி இதற்காகத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறாள் என்றார்.

உடனே உனக்குப் போன் அடித்தேன். மறுபடி மறுபடி அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. யார் பையில் அந்தப் போன் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

கடை வாசலுக்கு வந்தால் உன் வண்டி நிற்கிறது. எதிரே மருந்துக்கடைப் படியில் பிரின்சி நிற்கிறாள், படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நீ மெஷினுக்கு மேலே கட்டின கயிற்றை அவிழ்த்துக்கொண்டே "அண்ணே" என்று கூப்பிட வாயைத் திறக்கிறாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை மாரி. "சேச்சீ, கட மாறிப்போயல்லோ. ஈ சாதனம் இவிடத்தேக்கல்ல" என்று சொல்லிவிட்டேன். கடை மாறி வந்துவிட்டாய், இந்தச் சாமான் இங்கே வருகிறது இல்லை என்று, பிரின்சி காதில் விழட்டும் என்று சொன்னேன். உன்னை யாரோ ஒருத்தி மாதிரிச் சேச்சி என்று கூப்பிட்டேன்.

நீ புரிந்துகொண்டாய். உடனே கயிற்றைத் திரும்பக் கட்டினாயே, அதனால் புரிந்துகொண்டாய் என்று தெரிந்தது. நீ அங்கேயே நின்று என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் சரியாக இருந்திருக்கும்.

இப்போது அப்பீல் நடக்கிறது. அப்புறம் கொச்சி ஹைகோர்ட் இருக்கிறது. இப்படியே என் ஆயுசுக்கும் ஓடும், கடை கைவிட்டுப் போகாது என்று வக்கீல் சொல்கிறார். கொஞ்சம் ஆறட்டும். வேறு ஏதாவது வழி பார்ப்போம். ஒரு வரியாவது எழுது.

கர்ணன்


கம்பம்
30 ஜூன் 2024

ஐயா,

இவரிடம் கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன். நம்பவில்லை, ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்ததா என்று நானும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேட்காமலே இருந்துகொள்கிறோம். மெஷின் இரும்பு விலைக்குத்தான் போனது. இவர் ஒரு வாட்டர் கம்பெனியில் கேன் இறக்குகிறார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டுகிறேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் பிரின்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குட்டியானையின் பின்பக்கத்தில் கம்பம் ஸ்டாண்டு பெயர் எழுதியிருந்ததாம், அதை வைத்து விசாரித்துக்கொண்டே வந்துவிட்டாள். தரையில் உட்கார முடியாது என்று கூச்சத்தோடு சொன்னாள். ஸ்டூல் போட்டேன். டீ குடித்தாள். நான் வில்லி மாதிரி ஒருத்தியை நினைத்து வைத்திருந்தேன். அவள் கை முழுக்க வலிக்குப் போடும் தைல வாசம்.

அப்பா கட்டிய முறிக்கு எதிர்ப்படியில் தினமும் போய் நின்று பார்ப்பாளாம். லேப் வைக்க வாங்கின மெஷின் பெட்டி பிரிக்காமல் வீட்டில் கிடக்கிறதாம். அந்த முறியில் இருக்கிறவனுக்குப் பிழைப்பு போகும் என்று கோர்ட் சொல்லிவிட்டதாம். "எனிக்குப் பிழைப்பு வேண்டாமா சேச்சி?" என்று என்னிடம் கேட்டாள். அவள் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தால் லேப் வைத்திருப்பாள், நான் அந்தப் பக்கம் பிறந்திருந்தால் எனக்கு மில் இருந்திருக்கும். இரண்டு பேரும் மாறிப் பிறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. உங்கள் மேல்தான் வந்தது, இன்னும் இருக்கிறது.

கடைசியில் வந்த காரியத்தைக் கேட்டாள். "அந்தக் கர்ணன் உங்க ஆங்களயா? கூடப் பிறந்ததா? சத்தியம் பறயணும்."

எனக்குத் தெரியும், நான் ஆமாம், பாதி முறியை எனக்குக் கொடுத்தார் என்று சொன்னால், அவள் எடுத்த படத்தோடு சேர்ந்து அவளுக்கு லேப். உங்கள் கடை போய்விடும். மதினியும் பிள்ளைகளும் எங்களை மாதிரி ஆகிவிடுவார்கள். எங்களை மாதிரி இன்னும் ஒரு குடும்பமா என்று தோன்றியது. நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"எனக்கு அண்ணன் தம்பின்னு யாருமே கெடையாது. அங்கன மெஷின் வெலைக்கு எடுப்பாகளான்னு வெசாரிக்க வந்தேன், கடை மாறிப்போச்சு" என்றேன்.

அவள் மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவி வைக்கிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். முதுகைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

ஆகவே உங்கள் கடைக்கு என்னால் ஒன்றும் வராது. கடிதம் எழுத வேண்டாம், போன் பண்ண வேண்டாம், நல்லது கெட்டது எதற்கும் வர வேண்டாம். யாராவது பார்த்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும். கேஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் ஆயுசுக்கும் ஓடும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். அது ஓடுகிறவரைக்கும் எனக்கு அண்ணன் இல்லை.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். என் பெயரை நான் கீழே எழுதவில்லை.